விதி என்கிற அனாமத்துக் கணக்கு

2020 மார்ச் 28. ஊரடங்கு ஆரம்பித்து நாலாவது நாள். வெளியே வரக்கூடாது என்று சொல்லியாகிவிட்டது, உள்ளே உட்கார்ந்து ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தார்களோ என்னவோ, தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணத்தை மறுபடியும் போட்டார்கள். காலை ஒரு எபிசோட், இரவு ஒரு எபிசோட். ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடி பேர் பார்த்தார்கள் என்று தூர்தர்ஷனே பெருமையாக அறிவித்தது. 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருவையே காலியாக்கிய தொடர் அது. 52 வாரம் என்று ஆரம்பித்து, ஜனங்கள் விடாததால் 78 வரை போனது.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கத்து ஜனங்களுக்கு இந்தத் தொடரில் ஒரு தனி உரிமை உண்டு. மற்றவர்களுக்கு அது கதை நடந்த இடம், இவர்களுக்கு டவுன் பஸ் போகிற இடம். சேதுக்கரை, திருப்புல்லாணி, தனுஷ்கோடி என்று எல்லாமே பஸ் போர்டில் பார்க்கிற பெயர்கள். ராமேஸ்வரத்தில் இன்றைக்கு 323 மீட்டர் உயரத்தில் நிற்கும் டி.வி. கோபுரம் 1995ல்தான் வந்தது. அதற்கு முன்னால் இந்தக் கரையில் ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் இலங்கை ரூபவாஹினி கிடைக்கும். ராமாயணம் பார்க்கிற ஊரில் ஆன்டெனா இலங்கையைப் பார்த்து நின்றது ஒரு தமாஷ்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு சின்னக் கேள்வி. ராமனும் சீதையும் லவ் மேரேஜா, அரேஞ்ச்டு மேரேஜா?

சிரிக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ராமாயணமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. வால்மீகியில் காதலே கிடையாது. ஜனகர் வில்லை வைத்துவிட்டார், யார் வளைத்தாலும் பெண் அவனுக்கு. சீதையிடம் யாரும் கேட்கவில்லை. வில் முறிந்த பிறகும் ராமன் உடனே சரி சொல்லவில்லை, அப்பா தசரதர் மனசு தெரிந்தால்தான் என்றான். இதைப் பிற்பாடு அனசூயையிடம் சீதையே சொல்கிறாள். ஆகப் பெண்ணும் தேர்ந்தெடுக்கவில்லை, பையனும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தது ஒரு வில்.

துளசிதாசருக்கு இது போதவில்லை. குருவின் பூஜைக்குப் பூப்பறிக்கத் தோட்டத்துக்கு ராமன் போகிறான், கௌரி பூஜைக்கு அதே பக்கம் சீதை வருகிறாள், ஒருவரை ஒருவர் பார்த்துவிடுகிறார்கள். அப்புறம் அவள் அம்மனிடம் போய் வேண்டிக்கொள்கிறாள். சாகர் தொடருக்கு எடுத்துக்கொண்டது இந்தத் தோட்டத்துக் காட்சியைத்தான். (டைட்டிலில் கம்பர் உட்பட ஒரு டஜன் ராமாயணங்களின் பெயரை வரிசையாகப் போடுவார்கள். ஆனால் தொடரின் உயிர் துளசிதாசர்தான்.)

நம்ம கம்பர் விஷயம் வேறு. அவருக்குத் தோட்டமும் வேண்டாம், அம்மனும் வேண்டாம். ஒரு தெரு, ஒரு மாடம், இரண்டு பேர் பார்வை. அவ்வளவுதான். அந்த இரவு இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. பெயர்கூடத் தெரியாது. அவளுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தால் என்ன செய்வது என்று ராமனுக்கு ஒரு சந்தேகம் வேறு வருகிறது. தப்பான இடத்துக்குத் தன் மனசு போகாது, அதனால் ஆகியிருக்காது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான்! ஹாஸ்டல் ரூமில் நடுராத்திரி கேட்கிற லாஜிக் மாதிரியே இல்லை?

சீதை இன்னும் ஒரு படி மேல். எவனோ வில்லை முறித்துவிட்டான் என்று தோழி ஓடி வந்து சொல்கிறாள். முனிவரோடு வந்தவன் என்றதும் அவனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறாள், இல்லையென்றால் உயிரை விடுவது என்று முடிவும் செய்கிறாள். அப்புறம் சபைக்கு வரும்போது நேராகப் பார்க்க முடியாதே, வளையலைச் சரி செய்கிற மாதிரி கையைக் கொண்டுபோய் ஓரக்கண்ணால் அவன்தானா என்று பார்த்து உறுதி செய்துகொள்கிறாள். வில் முடிவு செய்ததை அவள் ஒரு தரம் சரிபார்க்கிறாள். அந்த வளையல் இடம்தான் கம்பர் செய்த பெரிய வேலை. அவரும் விதியை விடவில்லை. பாற்கடலில் பிரிந்த ஜோடிதானே மறுபடி சேர்கிறது, பேச்சு எதற்கு என்று கேட்கிறார். மேலே எழுதி வைத்திருக்கிறது, இருந்தாலும் கீழே இருக்கிற பெண் தன் கண்ணால் பார்த்துக்கொள்கிறாள்.

அடுத்தது காட்டுக்குப் போகிற இடம். இங்கே வால்மீகியின் சீதை ஒரு அபாரமான வாதம் வைக்கிறாள். பிறந்த வீட்டில் இருந்தபோதே, நான் காட்டில் வாழ வேண்டியவள் என்று பிராமணர்கள் சொன்னார்கள், ஆகவே வருகிறேன் என்கிறாள். போவது என்று முதலில் முடிவு, அதற்குச் சாட்சியாகத்தான் ஜோசியம். அத்யாத்ம ராமாயணத்தில் இதைவிட வேடிக்கை. எத்தனையோ ராமாயணம் கேட்டிருக்கிறீர்களே, சீதை இல்லாமல் ராமன் காட்டுக்குப் போன ராமாயணம் ஏதாவது உண்டா என்று கேட்டுவிடுகிறாள். கதாநாயகியே ஸ்கிரிப்டைத் தூக்கி டேபிளில் போடுகிற மாதிரி. கம்பரின் சீதைக்கோ அத்தனை பேச்சுகூட வேண்டாம். உள்ளே போகிறாள், மரவுரி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். முடிந்தது.

ராமனும் விதியைப் பேசுகிறவன்தான். கைகேயி மேல் லட்சுமணன் கொதிக்கும்போது, ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் அது ஆற்றின் தப்பா, இது விதியின் தப்பு என்று கம்பனில் ஆறுதல் சொல்கிறான். தம்பி விடுவானா? அந்த விதிக்கே ஒரு விதி இருக்கிறது, அது என் வில் என்கிறான். ஆனால் கவனியுங்கள், பதவி போனபோது விதி என்று ஒதுங்கிய அதே ராமன், மனைவி போனபோது அப்படிச் சொல்லவில்லை. போனது போனதுதான், எழுதி வைத்தது அவ்வளவுதான் என்று அயோத்திக்குத் திரும்பவில்லை. காடு காடாக அழுதுகொண்டு தேடினான். கடைசியில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தான்.

இந்தக் கரையில்தான் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ராமநாதபுரத்திலிருந்து வடக்கே போனால் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கல் நிற்கும், நவபாஷாணம் என்பார்கள். சேது கட்டுவதற்கு முன் சனி தோஷம் நீங்க ராமன் ஒன்பது கிரகங்களையும் நட்டுக் கும்பிட்ட இடம் என்பது ஐதீகம். நவதானியத்தோடு ஜனங்கள் தண்ணீரில் இறங்கிச் சுற்றி வருவார்கள். ஜாதகத்தில் கட்டம் சரியில்லாதவர்கள், கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள், எல்லாரையும் அங்கே பார்க்கலாம். அலை ஏறினால் கற்கள் மூழ்கிவிடும், இறங்கினால் தெரியும்.

அதே ராமநாதபுரத்திலிருந்து தெற்கே போனால் திருப்புல்லாணி. ஆதி ஜெகநாதப் பெருமாள் கோயில். அங்கே ராமன் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிறான். கடலரசன் வழிவிட வேண்டும் என்று காத்துக் கிடக்கிற கோலம். வால்மீகி கணக்கில் மூன்று நாள் கிடந்தான். கடல் வாயே திறக்கவில்லை. எழுந்தான், வில்லை எடுத்தான். கடலரசன் ஓடி வந்தான். கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை, அங்கேயிருந்து பாலம் என்பது ஊர்ப் பேச்சு.

தேவிபட்டினத்தில் கிரகத்தைக் கும்பிட்டவனும் அவன்தான், திருப்புல்லாணியில் கடல் மேல் அம்பு தொடுத்தவனும் அவன்தான். ஜாதகம் பார்த்தான், பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயிலில் விபீஷணன் இருக்கிறான். பிறப்பின்படி அவன் நிற்க வேண்டிய இடம் அண்ணன் பக்கம். கடல் தாண்டி வந்து இந்தப் பக்கம் நின்றான். இந்தக் கரையில் நடந்ததாகச் சொல்லப்படுகிற எல்லாமே யாரோ ஒருவர் முடிவெடுத்த கதை.

எல்லாவற்றையும் விதி இல்லை என்று சொல்ல வரவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைப் புயல் கடலோடு கொண்டுபோனது. உள்ளே நூறு பேருக்கு மேல். அதற்கு விதி என்று பெயர் வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இன்சூரன்ஸ் பாடத்தில் ஆக்ட் ஆஃப் காட் என்று படிக்கிறோமே, அது. ஆனால் சீதையைத் தீயில் இறக்கியதும் காட்டில் விட்டதும் புயல் இல்லை. மனிதர்கள் பேசிய பேச்சு, மனிதர்கள் எடுத்த முடிவு. தொடர் சறுக்குகிற இடமும் இதுதான்.

யுத்தம் முடிகிறது. வால்மீகியிலும் சரி, கம்பனிலும் சரி, ராமன் பேசுகிற பேச்சு படிக்கவே கஷ்டமாக இருக்கும். சண்டை போட்டது உனக்காக இல்லை, என் மானத்துக்காக, நீ எங்கே வேண்டுமானாலும் போ என்கிற அளவுக்கு வால்மீகியில் பேசுகிறான். சீதை பதில் சொல்லிவிட்டு, லட்சுமணனிடம் தீ மூட்டச் சொல்கிறாள். தீயில் இறங்குவது அவள் முடிவு. பத்து மாதம் ராவணனிடம் மாட்டேன் என்றவள், தூக்கிக்கொண்டு போகிறேன் என்ற அனுமனிடமும் வேண்டாம் என்றவள், இங்கேயும் தானே முடிவெடுக்கிறாள். கோபத்தோடு எடுத்த முடிவு.

தொடர் என்ன செய்தது? அண்ணன் மேல் லட்சுமணன் கோபப்படுகிறான். உடனே ராமன் ஒரு ரகசியத்தைச் சொல்கிறான். நிஜ சீதையை முன்னாலேயே அக்னியிடம் ஒப்படைத்தாகிவிட்டது, ராவணன் கொண்டுபோனது சாயை, அதாவது நிழல் சீதை, இப்போது தீயில் இறங்குவது நிஜத்தைத் திரும்பப் பெறுவதற்காக. துளசிதாசரில் இருப்பதுதான், அத்யாத்ம ராமாயணத்திலும் இருக்கிறது. தாயாரை ராவணன் தொட்டான் என்பதைப் பக்தர்களின் மனசு தாங்காது. அது புரிகிறது. ஆனால் விலை என்ன என்று பாருங்கள். அசோகவனத்தில் அத்தனை நாள் மாட்டேன் என்று சொன்னது ஒரு நிழல். தீயில் இறங்கியதும் நிழல். ராமன் பேசிய சுடுசொல்லும் நிஜமில்லை, ஏற்பாடு. எல்லாம் லீலை. யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

காமர்ஸ் மாணவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். இருப்பாய்வு போடுகிறோம். பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை. தப்பு எங்கே என்று தேடப் பொறுமை இல்லை. வித்தியாசத்தை அப்படியே தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் டாலி ஆகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தப்பு எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருக்கிறது. அனாமத்துக் கணக்கு தற்காலிகம், தப்பைக் கண்டுபிடித்ததும் மூட வேண்டும் என்று ஆசிரியர்கள் தலையில் அடித்துச் சொல்வார்கள். சீரியல்காரர்கள் அதை மூடுவதே இல்லை. இன்றைய மெகா சீரியல்களையும் பாருங்கள். கோயிலில் கால் தடுக்கி, கையிலிருந்த தாலி வேறு ஒரு கழுத்தில் விழும். பின்னணியில் மணி அடிக்கும். இதுதான் விதி என்று ஒரு பாட்டி சொல்வார். அந்தப் பெண் ஐந்நூறு எபிசோட் அழுவாள். மணமேடையில் அவளை ஒருவர் கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும் (அப்புறம் சோப்பு விளம்பரம் எப்படிப் போடுவது?).

இனி இரண்டாவது பாகம். பட்டாபிஷேகத்தோடு தொடரை முடிப்பதாகத்தான் இருந்தது. கம்பர் நிறுத்திய இடமும் அதுதான், உத்தர காண்டத்தை அவர் எழுதவில்லை. ஆனால் 1988ல் பஞ்சாபில் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் குல முன்னோராகக் கொண்டாடுகிறவர்கள் அவர்களில் பலர். வால்மீகி ஆசிரமம் வருகிற பகுதியைக் காட்டாமல் எப்படி முடிக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. போராட்டம் வேறு ஊர்களுக்கும் பரவியது. அரசாங்கம் இறங்கி வந்தது, லவ குசர் கதை தொடராக வந்தது. கவனியுங்கள்... எல்லாம் எழுதி வைத்தபடி நடக்கும் என்று வாரா வாரம் சொன்ன தொடரின் தலையெழுத்தையே, தெரு கூட்டுகிற மனிதர்கள் மாற்றி எழுதினார்கள்! இந்தத் தொடரைப் பற்றிய மிக அழகான கதை எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படி வந்த பாகத்தில் சீதை எப்படி அரண்மனையை விட்டுப் போகிறாள்? வால்மீகியில் ராமன் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து முடிவெடுக்கிறான், லட்சுமணனிடம் கட்டளையிடுகிறான். ஆசிரமங்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதைச் சாக்காக வைத்து அழைத்துப் போகிறார்கள். கர்ப்பிணி. கங்கையின் அந்தக் கரையில் இறங்கிய பிறகுதான் விஷயமே அவளுக்குத் தெரிகிறது. தொடரிலோ இது தலைகீழ். ஊர் பேசுவது சீதைக்குத் தெரிகிறது, ராமன் தவிக்கிறான், ராஜதர்மம் காக்கத் தானே போகிறேன் என்று அவளே முன்வந்து கிளம்புகிறாள்.

பார்த்தால் பெண்ணுக்கு உரிமை கொடுத்த மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீயில் இறங்கியது அவள் முடிவு, தொடர் அதை லீலையாக்கிவிட்டது. காட்டுக்கு அனுப்பியது அவன் முடிவு, தொடர் அதை அவள் விருப்பமாக்கிவிட்டது. அவள் எதிர்த்து நின்ற இடத்தில் விதி. அவள் அடங்கிப் போக வேண்டிய இடத்தில் மட்டும் சுயவிருப்பம்! கணக்கில் இதைவிடத் தலைகீழான பதிவு இருக்க முடியாது.

1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தை இங்கே இழுத்தால் ப்ரொஃபசர்கள் அடிக்க வருவார்கள், கல்யாணம் வியாபார ஒப்பந்தம் இல்லை. இருந்தாலும் 14வது பிரிவு, சம்மதம் என்று வாயால் சொன்னால் போதாது, அது சுதந்திரமான சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் மனசை இன்னொருவர் ஆட்டிவைக்கிற இடத்தில் இருந்து, அதனால் ஆதாயமும் பெற்றால் அது 16வது பிரிவு, அண்டியூ இன்ஃப்ளூயன்ஸ். ஒன்றைச் சொல்லி ஏமாற்றி இன்னொன்றைச் செய்தால் அது 17வது பிரிவு, மோசடி. வால்மீகியின் சீதைக்கு நடந்தது இரண்டாவது. தொடரின் சீதைக்கு நடந்தது முதலாவது. ராஜா புருஷன், ஊர் முழுக்கப் பேச்சு, வயிற்றில் பிள்ளை. அந்த நிலையில் ஒரு பெண் நானே போகிறேன் என்று சொன்னால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சாமி கதையில் சட்டப் பிரிவு தேடலாமா என்று சிலர் கோபிக்கலாம். இறைவன் லீலையில் ஏது தேர்வு, ஏது விதி என்பார்கள். அப்படியானால் காட்டில் சீதையைக் காணாமல் அருண் கோவில் அழுதபோது 7.7 கோடி பேரும் இல்லாவிட்டாலும் பாதிப் பேராவது ஏன் கண் கலங்கினார்கள்? எல்லாம் முன்னாலேயே பேசி வைத்த நாடகம் என்று நினைத்தா அழுதார்கள்? பிரிவு நிஜம் என்று நினைத்ததால்தான் அழுதார்கள். கண்ணீருக்கு நிஜ சீதை வேண்டும், கேள்வி வந்தால் மட்டும் நிழல் சீதை போதும் என்பது என்ன நியாயம்?

இந்த விஷயத்தில் தொடரைவிட ராமேஸ்வரம் ஊர்ப் பேச்சு எவ்வளவோ தேவலை. கோயிலுக்கு எதிரே கடலில் அக்னி தீர்த்தம். பெயர்க் காரணம் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். சீதை தீயில் இறங்கினாளே, அவளைத் தொட்ட பாவம் போக அக்னி பகவான் வந்து முங்கி எழுந்த இடமாம் அது. கம்பரிலும் தீயைத்தான் அவள் கற்பு சுட்டது, அக்னிதான் வெந்து புலம்புகிறான். நிழல் சீதை என்றால் அக்னிக்கு எதற்குக் குளியல்? இந்தக் கரையில் அழுக்குப் போகக் குளிக்க வேண்டியிருந்தது அவள் இல்லை, நெருப்பு.

உள்ளே இருக்கிற லிங்கத்துக்கும் ஒரு கதை. ராவணனைக் கொன்ற பாவம் தீர பூஜை செய்ய நல்ல நேரம் குறித்தாகிவிட்டது. கைலாசத்திலிருந்து லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் வரவில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, சீதை கீழே குனிந்து கடற்கரை மணலை எடுத்து ஒரு லிங்கம் பிடித்து வைத்துவிட்டாள். அதுதான் மூலவர் ராமநாதர். அப்புறம் வந்து சேர்ந்த அனுமன் வருத்தப்பட்டதால், அவர் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை என்று ஏற்பாடாகி, இன்றைக்கும் அப்படியே நடக்கிறது. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரம் மாற்றி வரிசையில் வருகிற கூட்டம் அடுத்ததாகப் போய் நிற்பது அவள் பிடித்த மணல் முன்னால்.